விண்டோஸிடம் வாங்கிய இடத்தை உபுண்டுவுக்குக் கொடுப்பது எப்படி?

செங்கோட்டை அச்சகம்: எங்கள் மேசைக் கணினியில் புனலூர் வாடிக்கையாளர்களின் மலையாள அழைப்பிதழ்களுக்காக விண்டோஸும், மற்ற வேலைகளுக்கு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருக்கின்றன. உபுண்டுவின் 40 ஜிபி நிரம்பிவிட்டதால், சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி விடுவித்தேன். ஆனால் அந்தக் காலியிடத்துக்கும் உபுண்டுவுக்கும் நடுவே விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன் (பழுதானால் விண்டோஸை மீட்க உதவும் வட்டுப் பகுதி) குறுக்கே நிற்கிறது. என்ன செய்யலாம்?

புளியரையார்: பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் மென்பொருள் உள்ள யூஎஸ்பியிலிருந்து கணினியைத் துவக்கி, ரெக்கவரியை இடப்பக்கம் நகர்த்திய பின் உபுண்டுவையும் நகர்த்தி விரியுங்கள். நகர்த்தினாலும் பார்ட்டிஷனின் அடையாளக் குறியான யூயூஐடி மாறாது என்பதால், இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் கிரப் பெரும்பாலும் வழக்கம்போலவே துவங்கும். ஒரே பார்ட்டிஷனாக இருந்தால், நாளைக்கு எந்தப் பக்கம் இடம் போதவில்லை என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்காது.

மேக்கரையான்: அண்ணாச்சி, இதை நான் ஏற்கமாட்டேன். பார்ட்டிஷனின் வலது எல்லையை நீட்டுவது எளிய வேலை. தொடக்கத்தை நகர்த்துவதென்றால் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் இடம் மாற்றி எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக நின்றுவிடும். சாரல் காலத்தில் நம் பக்கத்து மின்சாரத்தை நம்பி, யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதைச் செய்யச் சொல்வது நியாயமா? காலியிடத்தில் புதிதாக எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஒரு பார்ட்டிஷன் அமைத்து, அதைப் பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோமாக இணைத்தால் பழையது எதையும் தொட வேண்டாம்.

புளியரையார்: 40 ஜிபியை எஸ்எஸ்டியில் நகர்த்த அதிக நேரம் பிடிக்காது, யூபிஎஸ் இரவல் வாங்கலாம். ஹோமைப் பிரித்த பிறகும் ஸ்னாப் செயலித் தொகுப்புகள், பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), பதிவுக் கோப்புகள் எல்லாம் உபுண்டுவின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ரூட்டிலேயேதான் சேரும். ரூட் மீண்டும் நிரம்பினால் என்ன செய்வீர்கள்?

மேக்கரையான்: இப்போது எது நிரம்பியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தவிர, ரெக்கவரியை நகர்த்தினால் விண்டோஸின் மீட்பு வசதி செயலிழக்கக்கூடும். பிறகு ரீஏஜென்ட்சி கட்டளையால் அதைச் சரிசெய்ய வேண்டிவரும்.

செங்கோட்டை அச்சகம்: பார்த்தேன். 27 ஜிபி ஹோமில்தான் இருக்கிறது. பெரும்பாலும் வடிவமைப்புக் கோப்புகள்.

புளியரையார்: அப்படியானால் உங்களுக்கு மட்டும் அவர் வழியே சரி, ரூட் நிரம்பியிருந்தால் என் வழிதான். விண்டோஸில் முழுவதும் அணையாமல் வேகமாகத் துவங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிட்டு, யூஎஸ்பியிலிருந்தே ஹோமை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு நகலெடுங்கள். புதிய யூயூஐடியை, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுங்கள். எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும்வரை பழைய ஹோமை அழிக்காதீர்கள்.