லிட்டில் விமன் (2019): எங்கள் வீட்டில் ஏமிக்கு ஆதரவு கிடைத்தது

லிட்டில் விமன் நான்கு சகோதரிகளின் கதை. நாவலைப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர், எழுத்தாளராக ஆசைப்படும் ஜோவின் கட்சிதான். என் அக்காவும் பள்ளி நாளிலிருந்தே அப்படி. கோபத்தில் ஜோவின் கையெழுத்துப் பிரதியைத் தீயில் போட்ட கடைசித் தங்கை ஏமியின் பெயரை எடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாவலை வைத்து கிரெட்டா கெர்விக் இயக்கிய படத்தை அம்மாவும் நாங்களும் வீட்டில் சேர்ந்து பார்த்தபோதுதான் அந்தப் பேச்சு மாறியது.

காரணம் பாரிஸ் காட்சி. தன்னால் பெரிய ஓவியராக முடியாது என்று ஏமி முடிவுக்கு வந்துவிட்டாள். பணக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா என்று பக்கத்து வீட்டு நண்பன் லாரி குத்திக் காட்ட, அவள் அழாமல் கணக்குச் சொல்கிறாள்: பெண்ணுக்குத் தானே சம்பாதிக்க வழியில்லை, கையில் காசு இருந்தாலும் கல்யாணமானதும் அது கணவனுடையது, பெறுகிற பிள்ளைகளும் அவன் சொத்து, அப்புறம் கல்யாணம் பணவிவகாரம் இல்லாமல் வேறென்ன? பேசி முடித்த கையோடு, வண்டி வந்துவிட்டது, மேலங்கியை அவிழ்த்துவிடு என்று அவனிடமே முதுகைத் திருப்புகிறாள். அக்கா படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இவ சொல்றது நியாயம்தானேடி" என்றாள். ஏமியாக நடித்த ஃபுளோரன்ஸ் பியூவுக்கு ஆஸ்கர் பரிந்துரை சும்மா வரவில்லை. இதே நாவலின் 1994 படத்தில் சின்ன ஏமி, பெரிய ஏமி என்று இரண்டு நடிகைகள், இங்கே இவர் ஒருவரே இரண்டும்.

காலம் முன்னும் பின்னும் தாவுவது அம்மாவுக்கு முதலில் குழப்பம். சின்ன வயது என்றால் பொன்னிற வெளிச்சம், பிற்காலம் என்றால் நீலம் பாய்ந்த சாம்பல் என்று பிடிபட்டதும் சரியாகிவிட்டது. ஜோவின் தங்கை பெத் நோயில் கிடக்கும்போது ஜோ விழித்துப் பார்க்கிறாள், படுக்கை காலி, தடதடவென்று படியிறங்கினால் பெத் மேசையருகே உட்கார்ந்திருக்கிறாள். வருடங்கள் கழித்து அதே மாதிரி விழிப்பு, அதே படிகள், கால் நகர மறுக்கிறது, கீழே அவர்களுடைய அம்மா மட்டும் தனியாக. மூன்று பேரும் அழுதோம்.

கடைசியில் ஜோ எழுதிய நாவலின் பதிப்பாளர் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகியே தீரவேண்டும் என்கிறார். ஜோ அதை விட்டுக்கொடுத்து, காப்புரிமையை மட்டும் விட மறுக்கிறாள். நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட்டும் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர்தான். 1868இல் முதல் பாகம் வந்ததும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்கச் சொல்லி வாசகிகள் கடிதம் எழுதியும் அவர் மசியவில்லை. பாரிஸில் ஏமி போட்ட கணக்கைத்தான் ஜோ பதிப்பாளரிடம் போடுகிறாள் என்று எனக்குப் பட்டது. அக்காள் தங்கை இருவருக்கும் பிரச்சினை ஒன்றுதான்.

குடைக்கடியில் ஜோவும் பேராசிரியர் பேயரும் சேர்வது நிஜமா, பதிப்பாளருக்காக எழுதிச் சேர்த்ததா என்று படம் உடைத்துச் சொல்வதில்லை. அம்மா நிஜம் என்கிறார். நான் எழுதியது என்கிறேன், ஏனென்றால் அச்சகத்தில் எழுத்துக் கோத்து, தாள் தைத்து, அட்டையில் பொன்னெழுத்து பதிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஜோவின் முகத்தில் இருக்கும் சந்தோஷம் அந்தக் குடைக் காட்சியில் இல்லை. பார்த்தவர்கள் உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.