மடிக்கணினித் திருகில் முனை வழுக்குகிறது. எந்தத் திருப்புளி வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். மடிக்கணினியின் விசிறியைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவதற்காக அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மற்றவை எளிதாக வந்துவிட்டன; மூலைகளில் உள்ள இரண்டு திருகுகள் மட்டும் அசையவில்லை. அழுத்தித் திருப்பினால் முனை மேலேறி வழுக்குகிறது, கூட்டல் குறிப் பள்ளத்தின் ஓரங்களும் தேயத் தொடங்கியுள்ளன. என்னிடம் இருப்பது பல முனைகள் கொண்ட மலிவான பெட்டி. அடுத்து அப்பாவின் பழைய ஜப்பானிய பிலிம் கேமராவையும் திறக்க வேண்டியிருப்பதால், நெடுநாள் உழைக்கும் திருப்புளிகளைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
முதலில் அந்த முனையால் மேலும் திருப்புவதை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஓரங்கள் முற்றிலும் தேய்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல திருப்புளிக்கும் பிடிப்புக் கிடைக்காது. பெரும்பாலும் இது அளவுக் கோளாறுதான். பிலிப்ஸ் எனப்படும் கூட்டல் குறி முனைகளின் அளவைப் பிஎச் என்று குறிப்பார்கள்; பிஎச்00 என்பது பிஎச்0-ஐ விடச் சிறியது. பிஎச்0 கேட்கும் திருகில் பிஎச்00 உள்ளே போய்விடும், ஆனால் நான்கு பக்கச் சுவர்களையும் பற்றாது. பள்ளத்தில் முழுமையாக இறங்கும் மிகப் பெரிய முனையே சரியானது. அது ஆடாமல் நிற்க வேண்டும்.

முனைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். எஸ்2 எஃகு (கருவிகள் செய்யும் கடின எஃகு வகை) என்ற முத்திரை மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. பதப்படுத்திய விதமும் முனையைக் கடைந்த துல்லியமுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஜெர்மனியின் வீஹா, வேரா, சுவிட்சர்லாந்தின் பிபி ஸ்விஸ் ஆகிய நிறுவனங்களின் திருப்புளிகளில் பிஎச்00, பிஎச்0, பிஎச்1 என மூன்றைத் தனித்தனியாக வாங்கினாலே மடிக்கணினி வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். பிடியின் உச்சியில் சுழலும் தொப்பி இருப்பது மிக முக்கியம்; ஆள்காட்டி விரலால் அதை அழுத்திக்கொண்டே மற்ற விரல்களால் திருப்பலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. நண்பரிடம் பிஎச்0 வாங்கி முயன்றதில் ஒரு திருகு வந்துவிட்டது. மற்றொன்றில் முனை நன்றாகப் பொருந்தியும் அசைவில்லை.

பதில் 2:
அதன் மரையில் பூட்டுப்பசை பூசப்பட்டிருக்கலாம். கணினியை அணைத்து, மின்இணைப்பை நீக்கிய பிறகு, சூடான சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் சில நொடிகள் வைத்தால் பசை இளகும். ஆனால் அந்த மூலைக்கு அடியில் பேட்டரியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது.

கேமராவுக்கு மேற்சொன்ன பிலிப்ஸ் முனைகளைப் பயன்படுத்த வேண்டாம். பழைய ஜப்பானியக் கேமராக்களின் திருகுகள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) வகையைச் சேர்ந்தவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், பிலிப்ஸ் முனை அவற்றின் அடிவரை இறங்காமல் பாதியில் நின்று, வழுக்கித் தலையைக் கெடுத்துவிடும். ஜப்பானின் வெஸல் நிறுவனத்தின் ஜேஐஎஸ் திருப்புளிகளில் 00, 0 அளவுகளை வாங்குங்கள். அவை பிலிப்ஸ் திருகுகளிலும் நன்றாகவே பொருந்துவதால், செலவைக் குறைக்க விரும்பினால் இவற்றையே முதலில் வாங்கலாம். சில கேமராத் திருகுகளை அரக்குப் பூசி இறுக்கியிருப்பார்கள். ஊசிமுனையால் ஒரு துளி அசிட்டோன் வைத்துக் காத்திருந்தால் அது இளகும், ஆனால் பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தட்டுத் திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்பதால், கழற்றும்போதே எது எங்கிருந்து வந்தது என்று தாளில் வரைந்து ஒட்டி வையுங்கள்.