மறு: ரீசெட்டபிள் பியூஸ் – ‘மீட்டமை உருகி’யா, ‘மீளுருகி’யா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மின்னோட்டம் அளவு மீறினால் தடுத்து, ஆறியதும் தானே மீளும் ‘ரீசெட்டபிள் பியூஸ்’ என்ற சாமானுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ கணினித் தமிழில் நிலைத்துவிட்டது. ‘மீட்டமை உருகி’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

திரையில் வரும் பொத்தானுக்கு அது சரியான சொல்தான் ஐயா. அங்கே ஒருவர் அமுக்குகிறார், கருவி மீள்கிறது. வீட்டு மின்பலகையில் இருக்கும் எம்சிபி சுவிட்சும் அப்படித்தான், ட்ரிப் ஆகி அணைந்துவிட்டால் யாராவது போய்த் தூக்கிவிட வேண்டும். நாம் பெயர் தேடும் சாமானில் பொத்தானும் இல்லை, குமிழும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி ஆறவிட்டால் போதும், தானே சரியாகிவிடும். ‘மீட்டமை’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளை போர்டில் பொத்தானைத் தேடும். மீள்கின்ற உருகி ‘மீளுருகி’. என் ஓட்டு இதற்குத்தான்.

> உள்ளே எதுவும் உருகுவதில்லையே, ‘உருகி’ எப்படிப் பொருந்தும்?

உருகத்தான் செய்கிறது அம்மா. பாலிஎத்திலீன் போன்ற பாலிமரில் கரித்தூளைக் கலந்து செய்த மெல்லிய தகடு அது. சாதாரணச் சூட்டில் பாலிமரின் பெரும்பகுதி படிகமாக இறுகியிருக்கும். கரித்துகள்கள் படிகங்களின் இடுக்கில் ஒதுங்கி, ஒன்றையொன்று தொட்டபடி மின்னோட்டத்துக்கு வழிவிடும். ஓட்டம் அளவு மீறினால் தகடு சூடேறும். சுமார் 125 டிகிரி செல்சியசில் படிகங்கள் உருகிப் பாலிமர் விரியும், கரித்துகள்கள் விலகிப்போகும், மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும். கண்ணாடிக் குழாய் பியூஸில் கம்பி உருகி அறுந்துபோகிறது. இதில் படிகம் உருகி, ஆறியதும் மறுபடி இறுகுகிறது. ஆகவே ‘உருகி’யை விட வேண்டியதில்லை. மின்தடை மட்டும் முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். கலைச்சொல் விளக்கத்தில் இதை ஒரு வரி சேர்க்க வேண்டும்.

சூடு ஏறினால் மின்தடையும் ஏறும் தன்மையைக் குறிக்கும் ‘நேர்க்குறி வெப்பநிலை மின்தடை எண்’ணை வைத்துப் பெயர் கட்டலாம் என்ற யோசனை விளக்கக் குறிப்புக்கு நல்லது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் நெரிசலில் நின்று அதைச் சொல்லிக் கேட்க முடியாது. பாலிஸ்விட்ச், மல்டிபியூஸ் இரண்டும் இதே சாமானுக்குத் தனித்தனி நிறுவனங்கள் வைத்த வணிகப் பெயர்கள், அவற்றைப் பொதுச்சொல்லாக்கக் கூடாது.

‘பியூஸ்’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு, போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். அல்சூரில் நம் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு எடுக்கிறோம். ஒரு பெண் ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சி மின்சுற்று போர்டின் 5 வோல்ட் முனையையும் கிரவுண்டையும் ஜம்பர் வயரால் தவறுதலாக இணைத்துவிட்டாள். போர்டின் விளக்கு அணைந்தது. அந்த போர்டில் யூஎஸ்பி வழிக்குக் காவலாக 500 மில்லிஆம்பியர் மீளுருகி ஒன்று உண்டு. வயரை எடுத்து, கேபிளைக் கழற்றி, சற்று ஆறவிட்டுச் செருகியதும் விளக்கு எரிந்தது. “பியூஸ் போச்சுன்னீங்க, அப்புறம் எப்படிண்ணா எரியுது?” என்றாள். நியாயமான கேள்வி. நம் பேச்சில் பியூஸ் போனால் போனதுதான், புதுசு போட்டாக வேண்டும்.

இந்தச் சாமானுக்கு இரண்டு அளவுகள் முக்கியம். எவ்வளவு ஓட்டம்வரை சும்மா இருக்கும் என்பதற்குத் ‘தாங்கு மின்னோட்டம்’. மஞ்சள் வில்லை வடிவில் வரும் மீளுருகியில் 050 என்று அச்சிட்டிருந்தால் 0.5 ஆம்பியர் தாங்கும். எந்த ஓட்டத்தில் கட்டாயம் செயல்படும் என்பதற்கு ‘மறிப்பு மின்னோட்டம்’ என்கிறேன். பெரும்பாலும் தாங்கு அளவின் இரு மடங்கு. இடைப்பட்ட ஓட்டத்தில் மறிக்கவும் செய்யலாம், மறிக்காமலும் போகலாம். ‘துண்டிப்பு’, ‘முறிப்பு’ இரண்டையும் வேண்டுமென்றே தவிர்த்தேன். மறித்த நிலையிலும் சிறிதளவு மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். தகட்டைச் சூடாகவே வைத்திருப்பது அந்தக் கசிவுதான். சாலை மறியலில் சந்துபொந்து வழியாக ஓரிரு சைக்கிள் போவதில்லையா, அதுபோல. ‘துண்டிப்பு’ என்று படித்தவர் மின்சாரம் முழுக்க நின்றுவிட்டதாக நம்பிக் கை வைத்துவிடக் கூடாது. வீட்டு மெயின் பியூஸுக்குப் பதிலாக இதைப் போடக் கூடாது என்பதையும் விளக்கத்தில் அழுத்தமாக எழுத வேண்டும்.

தாங்கு மின்னோட்டம் சுற்றுப்புறச் சூட்டைப் பொறுத்துக் குறையும். 23 டிகிரியை ஒட்டிக் குறித்த அளவு, மூடிய பெட்டிக்குள் 60 டிகிரி ஏறினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும். நாமோ பெங்களூர்க் குளிரில் சோதித்துவிட்டு வேலூர் வெயிலுக்கு அனுப்புகிறோம்.

‘மீளுருகி’க்கு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம். ட்ரிப் என்பதற்கு எம்சிபிக்கும் ‘மறிப்பு’ என்றே எழுதலாமா, அங்கே மட்டும் ‘துண்டிப்பு’ போதுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் இதில் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.