கருத்துக்கணிப்பு எடுப்பவர் உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறாரா?

குடியாத்தம் வாசகர்:
போன சட்டமன்றத் தேர்தல் சமயம். முற்பகல் வேளையில் ஓர் இளைஞர் கையில் டேப்லெட்டுடன் எங்கள் தெருவுக்கு வந்தார். ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள்தான் அகப்பட்டார்கள். பக்கத்திலேயே வார்டு பிரமுகர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "யாருக்கம்மா ஓட்டு?" என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? "நல்லது செய்கிறவர்களுக்குத்தான் தம்பி" என்றார் எதிர்வீட்டு அம்மா. திரையை எட்டிப் பார்த்தேன். 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கத்தான் செய்தது. தம்பியின் விரலோ அதற்கு மேலே ஒரு கட்சியின் பெயரைத் தொட்டது. ஏனப்பா என்றேன். "முடிவு செய்யாதவர்கள் அதிகமானால் ஆபீசில் திட்டுகிறார்கள் அண்ணா" என்றார். பாவம், அவர் பிழைப்பு அவருக்கு. அந்த அம்மாவின் வாக்கு எந்த சதவீதத்தில் போய்ச் சேர்ந்ததோ!

காட்பாடி வாசகர்:
எங்கள் ரயில் நிலையத்தில் மைக்கை நீட்டி 'வேலூர் தொகுதி மக்கள் என்ன சொல்கிறார்கள்' என்று கேட்டார்கள். மக்களவைத் தேர்தலில் காட்பாடி அரக்கோணம் தொகுதியில் வருகிறது என்று சொன்னேன். அந்தப் பகுதியை மட்டும் ஒளிபரப்பவில்லை. சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் கேட்டிருந்தால் இன்னும் வேடிக்கை; வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களும் பதில் சொல்லியிருப்பார்கள்.

ஆம்பூர் வாசகர்:
குடியாத்தம் அண்ணன் சொன்னதைவிடப் பெரிய சிக்கல், எந்த ஊரில் கேட்கிறார்கள் என்பது. பணப் பட்டுவாடா புகாரால் ரத்தாகி, 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க.வின் கதிர் ஆனந்த் அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி. சண்முகத்தை வென்றது 8,141 வாக்குகளில். பதிவானவை பத்து லட்சத்துக்கும் மேல். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதற்குள் வரும் சட்டமன்றத் தொகுதிகளில் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பத்தில் முந்தியவர் சண்முகம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மூன்றும்தான் முடிவைத் திருப்பின. குடியாத்தத்தில் மட்டும் கேட்டுவிட்டுப் போனவர் என்ன எழுதியிருப்பார்?

முறையாகத் தேர்ந்தெடுத்து ஆயிரம் பேரிடம் கேட்டாலும் ஒவ்வொரு கட்சியின் கணக்கிலும் மூன்று சதவீதம் கூடலாம், குறையலாம். அந்த ஆயிரம் பேர் மாநிலம் முழுவதற்கும் என்றால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு நாலைந்து பேர்தான். அதை வைத்துத் தொகுதிவாரியாக வெற்றியாளரைச் சொல்வதைக் கணிப்பு என்பதா, ஜோசியம் என்பதா? 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடியில் துரைமுருகன் வென்றது 746 வாக்குகளில்.

குடியாத்தம் வாசகர்:
உண்மைதான் தம்பி. வாட்ஸ்அப்பில் வரும் படங்களையும் சொல்ல வேண்டும். சேனல் முத்திரை பெரிதாக இருக்கும். எத்தனை பேரிடம், எந்தத் தேதியில், யார் செலவில் எடுத்தார்கள் என்பது எங்குமே இருக்காது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் கணிப்பு வெளியிடத் தடை இருக்கிறது. முந்தைய நாள் இரவில் 'சற்றுமுன்' என்று வருவதை நான் திறப்பதே இல்லை. வாணியம்பாடிப் பக்கம் யாரையாவது கேட்டிருக்கிறார்களா? அங்கிருப்பவர்கள் எழுதுங்கள்.