கைத்தறிப் பட்டுச் சேலை விற்கும் எங்கள் இணையதளத்தைப் பார்ப்பவர்கள் நம்பி வாங்கும்படி மாற்றுவது எப்படி?

காஞ்சித்தறி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன. தாத்தா காலத்திலிருந்து கடைகளுக்கே நெய்து கொடுத்து வந்த நாங்கள், சென்ற ஆண்டு தை மாதத்தில் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினோம். தளத்துக்கு நாள்தோறும் ஆட்கள் வருகிறார்கள், சேலைகளைப் பார்க்கிறார்கள். ஆனால் பணம் செலுத்தும் பக்கம் வரை வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

போன மாதம் ஓசூரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். பதினெட்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள அரக்கு நிறச் சேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க, நிஜமாவே இப்படி ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டார்கள். கைபேசியைத் தறிப்பக்கம் நீட்டி, அப்பா நெய்துகொண்டிருந்த சத்தத்தைக் கேட்க வைத்த பிறகுதான் அவர்களுக்கு மனம் ஒப்பியது. அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. அப்படிக் கேட்கும் நிலையில் எங்கள் தளம் இருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் முகப்பில் ஒரு விளம்பர அழகியின் படத்தை வைத்தார். அவர் உடுத்தியிருப்பது எங்கள் சேலை அன்று. "இன்னும் 2 மணி நேரமே" என்று கடிகாரம் ஒன்று ஓடுகிறது. பக்கத்தை மீண்டும் திறந்தால் அது முதலிலிருந்து தொடங்குகிறது. வாடிக்கையாளர் கருத்துகள் என்று மூன்று இருக்கின்றன, அவற்றையும் அவரே எழுதிவிட்டார். தொடர்புக்கு ஒரு படிவம் மட்டுமே உண்டு. பணத்தை என் சொந்த யூபிஐ எண்ணுக்கு அனுப்பிவிட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறோம். எங்களால் இருபதாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். தளத்தை முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டுமா, இருப்பதையே சரிசெய்யலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வலைப்பணி (மறுமொழி):

வணக்கம் நண்பரே. கோவையில் பதினோரு ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குத் தளம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. முதல் வேலை நீக்குவதுதான். அந்தக் கடிகாரத்தையும் மூன்று கருத்துகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்கத் தூண்டுவது, 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று உத்திகளுள் ஒன்று. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பதினெட்டாயிரம் ரூபாய்க்குச் சேலை வாங்க நினைப்பவர் ஒரே நாளில் முடிவெடுப்பதில்லை, மறுநாளும் வந்து பார்ப்பார், அதே கடிகாரம் அதே இரண்டு மணி நேரத்தைக் காட்டினால் அதன்பின் சேலையைப் பற்றி நீங்கள் எழுதிய எதையும் அவர் நம்பப்போவதில்லை.

தோற்றம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,684 பேரிடம் தளங்களின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது, வந்த கருத்துகளில் ஏறக்குறைய பாதி தளத்தின் தோற்றத்தைப் பற்றியே இருந்தன. ஆனால் தோற்றம் என்றால் அலங்காரம் என்று பொருள் கொள்ள வேண்டாம். இரண்டு நிறங்கள், ஒரே எழுத்துரு, எழுத்துப் பிழையில்லாத வாக்கியங்கள், கைபேசியில் விரலால் தொடும் அளவுக்குப் பெரிய பொத்தான்கள் ஆகியவையே போதும். தமிழ்ப் பக்கத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். மேல்வரியின் கீழ்க்கொம்பும் கீழ்வரியின் மேற்சுழியும் இடித்துக்கொள்ளாதபடி ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்றுக் கூடுதலாக வரி இடைவெளி விடுங்கள்.

உங்கள் தளத்தை உயர்த்தப்போவது படங்கள்தாம். அழகியின் படத்துக்குப் பதிலாக உங்கள் தறியின் படத்தை முகப்பில் வையுங்கள். சேலையை விளக்கொளியில் எடுக்காமல், காலை ஒன்பது மணி வாக்கில் நேர்வெயில் படாத திண்ணையில் விரித்து எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அது படத்தில் வெள்ளையாகவே தெரிகிறதா என்று பாருங்கள். தாள் மஞ்சளித்தால் சேலையின் நிறமும் மாறியிருக்கிறது என்று பொருள். பாவில் (நீளவாட்டு நூலில்) ஒரு நிறமும் ஊடையில் (குறுக்கு நூலில்) வேறொரு நிறமும் கொண்ட மயில்கழுத்து போன்ற சேலைகளுக்கு எத்தனை படம் எடுத்தாலும் போதாது; கையில் பிடித்து மெல்ல அசைத்துப் பத்து விநாடிக் காணொளி ஒன்று சேருங்கள். முந்தி, உடல், கரை, கோர்வை (கரையும் உடலும் பல் பல்லாகப் பின்னி இணையும் நெசவு) தெரியும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே அருகில் எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள்.

இன்னும் இரண்டு. தளத்தின் பெயர், அதாவது டொமைன், உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா, அமைத்துக் கொடுத்தவர் பெயரிலா என்று உடனே பாருங்கள். அவர் பெயரில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றி வாங்குங்கள். இதைக் கவனிக்காமல் பல ஆண்டு உழைப்பை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, எச்டிடிபிஎஸ் சான்றிதழ், அதாவது தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காப்பது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்றே முகவரிப் பட்டையில் காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. குறுகிய காலத்திலேயே காலாவதியாகும் என்பதால் தானாகவே புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

பெங்களூர்வாசி (மறுமொழி):

நான் தளம் அமைப்பவள் அல்லள், வாங்குபவள். ஆண்டுக்கு இரண்டு மூன்று பட்டுச் சேலைகளாவது இணையத்தில் வாங்குகிறேன். ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறேன். கைத்தறி என்று சொல்லி விற்கப்பட்ட அந்தச் சேலை வந்தபோது, கரையும் உடலும் சேரும் இடத்தில் கோர்வையின் பற்களே இல்லை. ஒரே ஓட்டமாக நெய்திருந்தார்கள். பணம் கேட்டு எழுதிய மின்னஞ்சல் எவருக்கும் போய்ச் சேராமல் திரும்பிவந்தது.

அதன் பிறகு எந்தத் தளமானாலும் சேலைகளைப் பார்க்கும் முன் தொடர்புப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். தெருப் பெயருடன் முகவரி இருக்கிறதா, அந்த முகவரி கூகுள் வரைபடத்தில் வாசல் படத்துடன் வருகிறதா, தொலைபேசியை மனிதர் எடுக்கிறாரா என்று பார்க்கிறேன். பிறகு ஒரு சேலைப் படத்தை எடுத்துக் கூகுள் லென்ஸில் தேடுகிறேன். அதே படம் வேறு நான்கு தளங்களில் நான்கு விலைகளில் வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி, உங்களிடம் நான்கு தறிகள் இருக்கின்றன. பல தளக்காரர்களுக்கு இல்லாத சொத்து அது. எந்தத் தறியில், யார், எத்தனை நாளில் நெய்தது என்று ஒவ்வொரு சேலைக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஜரிகை அசல் வெள்ளி ஜரிகையா, பாதிக் கலப்பா, அசல் போலத் தோன்றும் சாயல் ஜரிகையா என்பதையும் சொல்லுங்கள். சாயல் ஜரிகை என்று நேர்மையாகச் சொல்லி ஒன்பதாயிரத்துக்கு விற்றால் நான் மகிழ்ச்சியுடன் வாங்குவேன். ஒன்றும் சொல்லாமல் பதினெட்டாயிரம் என்று மட்டும் போட்டால் சந்தேகப்படுவேன்.

கணக்கர் (மறுமொழி):

மேலே இருவரும் சொன்னதுடன் சட்டம் கேட்பதையும் சேர்க்கிறேன். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முதன்மை அலுவலக முகவரி, வாடிக்கையாளர் சேவைக்கான தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அலுவலர் என்றவுடன் பெரிய நிறுவனங்களுக்கானது என்று தயங்க வேண்டாம். உங்கள் வீட்டில் தொலைபேசியைப் பொறுமையாக எடுப்பவர் யாரோ, அவர் பெயரையே போடலாம். அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. கடைசிப் பக்கத்தில் திடீரென்று முந்நூறு ரூபாய் கூடுவதால்கூட உங்கள் வாடிக்கையாளர்கள் பாதியில் நின்றுவிடலாம், அதைச் சரிபாருங்கள்.

சொந்த யூபிஐ எண்ணை நிறுத்திவிட்டு, நிறுவனப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயரும் தளத்தின் பெயரும் வேறாக இருந்தால் எவருக்கும் கை தயங்கும். தளத்திலேயே பணம் பெற உதவும் கட்டண நுழைவாயில் சேவை பெறுவதற்கு, திருப்பியனுப்பும் விதி, தனியுரிமை விதி, தொடர்புப் பக்கம் ஆகியவை தளத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்; எனவே அவற்றை முதலில் எழுதிவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 15 இலக்க எண்ணையும் அடிப்பகுதியில் போடுங்கள். 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு. அரசுத் தளத்தில் எவரும் அதைச் சரிபார்க்கலாம்.

முத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்த சில்க் மார்க், இழை தூய பட்டு என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. கைத்தறியில் நெய்ததா என்பதைச் சொல்வதில்லை. அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்ற புவிசார் குறியீட்டை (ஓர் ஊரின் தனிச்சிறப்பான பொருளுக்குத் தரப்படும் பெயருரிமையை) முறைப்படி பயன்படுத்துவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்வது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, பதிவு இல்லாமலேயே படங்களை மட்டும் ஒட்டிவைக்கும் தளங்கள் ஏராளம். உங்களிடம் எது இருக்கிறதோ அதை மட்டும் போட்டு, அது எதற்குச் சான்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

காஞ்சித்தறி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிகாரத்தையும் கருத்துகளையும் எடுத்துவிட்டேன். டொமைன் அமைத்துக் கொடுத்தவர் பெயரில்தான் இருக்கிறது. மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு தயக்கம். திரும்பப் பெறுவோம் என்று எழுதினால், கல்யாணத்துக்கு ஒருநாள் உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புவார்களே என்று அப்பா அஞ்சுகிறார். பன்னிரண்டு நாள் உழைப்பு என்பதால் அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

கோராநூல் (மறுமொழி):

ஐயா, நாங்கள் சின்னாளபட்டியில் சேலை விற்கிறோம். அப்பாவின் அச்சம் எங்களுக்கும் இருந்தது. நாங்கள் எழுதி வைத்திருப்பது இதுதான்: சேலை கைக்கு வந்து ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்; மடிப்பு கலைத்துப் பார்க்கலாம்; ஆனால் ஃபால்ஸ் தைத்திருக்கக் கூடாது, ரவிக்கைத் துணியை வெட்டியிருக்கக் கூடாது, முந்தியில் நாங்கள் நூலால் கட்டி அனுப்பும் அட்டையை அறுத்திருக்கக் கூடாது. அந்த அட்டையைக் கட்டிக்கொண்டு எவரும் கல்யாணத்துக்குப் போக முடியாது. நெசவுப் பழுது இருந்தால் இந்த நிபந்தனை எதுவும் இல்லாமல், அனுப்பும் செலவையும் நாங்களே ஏற்கிறோம். பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதி, அதை ஒருமுறைகூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். இப்படி எழுதிய பிறகு திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை நிறம் படத்தில் வேறாகத் தெரிந்ததால் வந்தவைதாம்; எனவே படத்தைச் சரியாக எடுப்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

பெங்களூர்வாசி:

தம்பி, இப்போது மீண்டும் உங்கள் தளத்தைப் பார்த்தேன். முகப்பில் அப்பா தறியில் அமர்ந்திருக்கும் படம் வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது. வாடாமல்லி நிறச் சேலையின் பின்பக்கப் படம் மட்டும் இன்னும் வரவில்லை. கோர்வை தெரியும்படி ஒன்று எடுத்துப் போடுங்கள், காத்திருக்கிறேன்.