எரேமியாவில் 30 வெள்ளிக்காசு எங்கே?

பாலியாற்றான்: பரந்தன் சாட்சி முந்தநாள் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. தீர்க்கதரிசனங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் கிறிஸ்து யாரென்று தெரியுமாம், ஓர் எழுத்துக்கூடப் பிசகாதாம். சரி, மத்தேயு 27:9 எடுங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் 30 வெள்ளிக்காசில் குயவன் நிலம் வாங்கியது எரேமியா சொன்னதன் நிறைவேற்றம் என்கிறது. எரேமியாவின் 52 அதிகாரத்தையும் புரட்டுங்கள். 30 காசு எங்கே? அது செக்கரியா 11:12-13.

பரந்தன் சாட்சி: அண்ணை, வேதத்தைக் குறை பிடிக்கவே படிக்கிறீர்கள். எரேமியா 19 இல் குயவன் கலசமும் குற்றமில்லாத இரத்தமும் இருக்கிறது. 32 இல் வெள்ளி நிறுத்து நிலம் வாங்குகிறார். மத்தேயு அதையும் சகரியாவையும் (நீங்கள் சொல்லும் செக்கரியா) சேர்த்துப் பெரிய தீர்க்கதரிசியின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான்.

பாலியாற்றான்: 32:9 இல் 17 சேக்கல். ஆனதோத்தில், உறவுக்காரனிடம் வாங்கிய நிலம். 17 எப்போது 30 ஆனது?

செட்டிகுளத்துப் பிள்ளை: யூதர்களின் பழைய மறை விளக்க நூலான தல்மூதில் வரும் பெரிய தீர்க்கதரிசிகள் வரிசையில் எரேமியாதான் முதலில், பிறகு எசேக்கியேல், ஏசாயா. தீர்க்கதரிசிகள் தொகுதியின் முதல் பெயரை மத்தேயு சொல்லியிருக்கலாமே.

பாலியாற்றான்: அதே மத்தேயு 8:17 இலும் 12:17 இலும் ஏசாயாவைப் பெயர் சொல்லி எழுதுகிறார். அங்கே முதல் பெயர் தேவைப்படவில்லையாக்கும்! என் அம்மாவின் பைபிள் இடம்பெயர்வில் நனைந்து, காய்ந்து, ஊதிப்போய்க் கிடக்கிறது. அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் செக்கரியா 11 என்று எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குத் தெரிந்தது உங்கள் போதகருக்குத் தெரியவில்லை.

பரந்தன் சாட்சி: போதகரை இழுக்காதீர்கள். வேதத்தில் உங்கள் கத்தோலிக்க மடு மாதா எங்கே என்று நான் கேட்டேனா?

பாலியாற்றான்: இதோ கேட்டுவிட்டீரே! 2008 ஏப்ரலில் சண்டைக்குள் மடு மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனது விசுவாசமில்லாத சனமா?

முறிகண்டியான்: நான் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறவன். மீள்குடியேறிய புதிதில் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு ஒரு கூட்டம் வந்து, பிள்ளையார் படத்தை இறக்கினால் ஜெபிக்கிறோம் என்றது. அவர்களும் இப்படித்தான் வசன நம்பராகச் சொன்னார்கள். அம்மம்மா தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டா.

பரந்தன் சாட்சி: அது எங்கள் சபை இல்லை. யாரோ செய்ததற்கு நான் பதில் சொல்ல முடியாது.

முறிகண்டியான்: எல்லாச் சபையும் அதைத்தான் சொல்கிறது.

பாலியாற்றான்: நான் வந்த விஷயத்தை விடவில்லை. இறைவாக்கு லொத்தர் நம்பர் இல்லை, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதற்கு. செக்கரியாவில் மந்தை மேய்த்தவனுக்குக் கிடைத்த கூலி 30. விடுதலைப்பயணம் 21:32 இல், மாடு முட்டிச் செத்த அடிமைக்கு ஈடு 30 சேக்கல். தங்கள் மேய்ப்பனுக்கு அடிமையின் விலை போட்டார்கள். இயேசு யார் என்பது எனக்கு அங்கேதான் தெரிகிறது, அதை வாசிக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். நீங்களோ அதை விட்டுவிட்டுப் பிசகாத கணக்குக் காட்டுகிறீர்கள். காட்டுங்கள் பார்ப்போம், எரேமியாவில் 30.

செட்டிகுளத்துப் பிள்ளை: எரேமியா 38:10 இல் 30 இருக்கிறது.

பாலியாற்றான்: அது அவரைத் துரவிலிருந்து தூக்கிவிடக் கூட்டிப்போன 30 ஆட்கள், பிள்ளை. காசு கேட்டேன்.

பரந்தன் சாட்சி: அடிமையின் விலையை நான் மறுத்தேனா? அதுவும் தீர்க்கதரிசனம்தானே! இவருக்கு வெல்ல வேண்டும், அவ்வளவுதான். தானியேல் 9 பற்றிப் பேசியபோதும், கிறிஸ்து வரும் காலத்தைச் சொல்லும் 483 ஆண்டுக் கணக்கில் பாதியில் ஓடினவர்.

பாலியாற்றான்: ஓடினது யார்? எருசலேமைத் திரும்பக் கட்டச் சொன்ன எந்தக் கட்டளையிலிருந்து எண்ணுகிறீர், கி.மு. 457 ஆ, 444 ஆ என்று கேட்டேன். பதிலே இல்லை.

பரந்தன் சாட்சி: 444 என்று அன்றைக்கே எழுதினேன். போய்ப் பாருங்கள்.

பாலியாற்றான்: 444 என்றால் ஆண்டுக்கு 360 நாள் வைத்தால்தான் கி.பி. 33 வரும். 360 வைக்கச் சொன்னது யார்? தானியேலா, உங்கள் போதகரா?