டெப்த் ஆஃப் ஃபீல்டுக்குத் தமிழ்ச்சொல்: ஞாயிறு இரவுக்குள் வேண்டும்

கோ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படக்காரர்களுக்கான கட்டற்ற கணிப்பான் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். நான்கு சொற்கள் மட்டும் நிற்கின்றன: டெப்த் ஆஃப் ஃபீல்டு, ஃபோகஸ் டிஸ்டன்ஸ், ஹைப்பர்ஃபோகல் டிஸ்டன்ஸ், சர்க்கிள் ஆஃப் கன்ஃபியூஷன்.

கேமரா பிடிக்காதவர்களுக்காக: முழுச்சட்டக் கேமரா (ஒளியை வாங்கும் உணரி பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு), 50 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப்/8, மணமக்கள் 3 மீட்டரில். ஏறத்தாழ 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை எல்லாம் பளிச்சென்று விழும். எஃப்/2.8 வைத்துத் திறப்பைப் பெரிதாக்கினால் 2.7 முதல் 3.3 வரைதான், பின்னால் நிற்கும் தாய்மாமன் மங்கிவிடுவார். இந்த இடைவெளிக்கு இப்போதைக்கு 'புல ஆழம்' என்று போட்டிருக்கிறேன். பெட்டி சிறியது, நீளமான சொல் தாங்காது.

முனைவர் ந.:

தம்பி, 'புலம்' வேண்டாம். மின்புலம், காந்தப்புலம் படித்த மாணவன் இங்கும் ஏதோ விசை இருக்கிறது என்றே நினைப்பான். மேலும் 'புல ஆழம்' என்று உடம்படுமெய் இல்லாமல் அந்தரத்தில் நிறுத்துவது அழகன்று. சேர்த்தால் 'புலவாழம்', புலவரின் ஆழமோ என்று கேட்பார்கள். 'தெளிவாழம்' என்க.

தி.:

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், ஐயா. உண்மையில் தெளிவாக இருப்பது ஒரே ஒரு தளம்தான். மற்றதெல்லாம் கண் விட்டுக்கொடுப்பது. 'ஆழம்' என்றால் மேலிருந்து கீழே ஒரே பக்கம் போவது. இதுவோ முன்னும் பின்னும் நீள்கிறது, அதுவும் சமமாக இல்லை. கோ. தந்த கணக்கிலேயே முன்னால் 66 செ.மீ., பின்னால் 1.19 மீட்டர். 'தெளிவு வீச்சு' பொருந்தாதா?

முனைவர் ந.:

அலையின் 'வீச்சு' என்று நீங்களே வகுப்பில் நடத்துகிறீர்களே.

வே.:

இருபக்கமும் மன்னிக்கவும். நான் கல்யாணப் படம் எடுக்கிறவன். எங்கள் ஆட்கள் 'டெப்த் கம்மியா வை' என்பார்கள், அவ்வளவுதான். ஆழம் என்றாலாவது டெப்த் என்று புரிந்துகொள்வார்கள். வீச்சு என்றால் ஃபிளாஷ் எவ்வளவு தூரம் அடிக்கும் என்று நினைப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இரண்டாவது சொல். லென்ஸில் எழுதியிருக்கும் 50 மி.மீ.க்குப் புத்தகத்தில் 'குவியத் தொலைவு' என்றுதானே இருக்கிறது? மணமக்கள் நிற்கும் 3 மீட்டரையும் அப்படியே எழுதினால் 50 போட வேண்டிய பெட்டியில் ஆள் 3 போடுவான்.

முனைவர் ந.:

நல்ல கேள்வி. மணமக்கள் நிற்கும் அந்த 3 மீட்டர் 'குவிதொலைவு' ஆகட்டும். வினைத்தொகை, வல்லினம் மிகாது, ஊறுகாய், சுடுசோறு போல. 'குவியத்தொலைவு' வேற்றுமைத்தொகை, ஒற்று மிகும். இலக்கணமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

சி. (யாழ்ப்பாணம்):

ஐயா, ஒரு 'யத்' வித்தியாசத்தைக் கைப்பேசித் திரையில் ஆர் பார்க்கப் போகினம்? எங்கட பாடப்புத்தகத்தில் 'குவியத்தூரம்'. அதோடு 'குவிதூரம்' சேர்ந்தால் இன்னும் மோசம். 'குவித்த தூரம்' எண்டு பெயரெச்சமாகவே விடலாமே.

இரா.:

இடையில் ஒரு செய்தி. 'ஃபோகஸ்' இலத்தீனில் அடுப்பு. ஒளியியலில் அதைப் புகுத்தியவர் கெப்ளர், 1604-இல். கதிர்கள் கூடும் இடத்தில் சூடேறுகிறது அல்லவா. நம் 'குவி' அப்படியன்று. கூம்பு, கூப்பு, குவவு, குவியல் எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. மாலையில் தாமரை குவிகிறது, கோயிலில் கை குவிகிறது. விளிம்புகள் நடுவை நோக்கி வருவதுதான் பொருள். ஆக நம் சொல் கதிரின் இயக்கத்தையே சொல்கிறது, அவர்களுடையது விளைவை மட்டும். 'கும்பல்' கூட இதே வேர்தான் என்று...

கோ.:

அண்ணா, கும்பலுக்குத் தனி இழை வையுங்கள், நிச்சயம் வருகிறேன். இன்னும் இரண்டு சொல் பாக்கி. குவியாத புள்ளி உணரியில் சிறு வட்டாக விழும், அது 0.03 மி.மீ.க்குள் இருந்தால் புள்ளியாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்த வட்டுக்கு என்ன பெயர்? 'குழப்ப வட்டம்' என்றால் சிரிக்கிறார்கள்.

முனைவர் ந.:

'மயங்குவட்டம்'. திணைமயக்கம், வேற்றுமைமயக்கம் எல்லாம் ஒன்று மற்றொன்றாய்க் கலப்பதுதானே. இங்கே வட்டு புள்ளியாய் மயங்குகிறது.

தி.:

இதற்கு என் முழு ஆதரவு. மாணவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: 0.03 இயற்கை விதி அல்ல. 24 மி.மீ. உயரச் சட்டத்தை எட்டங்குல அச்சாக்கினால் எட்டு மடங்குக்குமேல் பெருகி ஏறக்குறைய கால் மி.மீ. ஆகிறது. 25 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அது புள்ளி. பெரிய பேனர் அடித்துப் பக்கத்தில் நின்றால் இந்தக் கணக்கு நிற்காது. அதனால்தான் 'தெளிவு' என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறேன்.

வே.:

ஹைப்பர்ஃபோகல் என்றால் அதே 50 மி.மீ. லென்ஸில் எஃப்/8-இல் பத்தரை மீட்டரில் ஃபோகஸ் வைத்துவிட்டு 5.2 மீட்டரிலிருந்து மலை வரை கவலையில்லாமல் எடுப்பது. அதற்கு நீங்களே ஏதாவது வையுங்கள், நாங்கள் ஹைப்பர் என்றுதான் சொல்வோம்.

முனைவர் ந.:

மீயொலி உண்டு, குறளில் 'மீக்கூறும்' உண்டு. எனவே 'மீக்குவிதொலைவு', ஒற்றோடு.

கோ.:

ஞாயிறு இரவு 10:40. அனுப்பிவிட்டேன்: தெளிவாழம், குவித்த தொலைவு, மீக்குவிதொலைவு, மயங்குவட்டம். பெட்டியைத் தொட்டால் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் தெரியும். சி., 'தூரம்' விட்டுப்போனதற்கு மன்னிக்கவும்; மற்ற பெட்டிகளில் எல்லாம் தொலைவு.

சி.:

பரவாயில்லை. ஆனால் நாலில் ஒண்டு பெயரெச்சம், ரெண்டு வினைத்தொகை. இதை முனைவர் ஐயா எப்பிடி விட்டார்?

முனைவர் ந.:

விடவில்லை. அடுத்த பதிப்பு எப்போது, தம்பி?